பாதத்தின் கீழே ஒரு விரற்கடை

பாதரட்சை வாங்கக் கடைக்குப் போகிறவர் எவராயினும், விலையைக் கேட்பதற்கு முன்பே செருப்பைக் கையில் எடுத்து, அதன் குதிகால் பாகத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்ப்பது அநேகமாக அவரையும் அறியாமல் நடைபெறும் ஒரு காரியம். விரல் சற்று அமிழ்ந்தால் முகம் மலர்கிறது. அமிழாவிட்டால் வேறு ஜோடி எடுக்கச் சொல்கிறார். இந்தப் பரீட்சையை அடியோடு குறைகூறுவதற்கில்லை. ஆனால் கட்டைவிரல் தரும் பாரம் சில கிலோவுக்கு மேற்படாது என்பதையும், 60 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போதே ஒவ்வோரடியிலும் அந்த எடையைக் காட்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான விசையும், ஓடும்போது எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரையுள்ள விசையும், ஒரு விரற்கடைக் கனமுள்ள அந்த ரப்பரின்மேல் இறங்குகின்றன என்பதையும் சேர்த்து நினைத்தால், விரலுக்கு மிருதுவாய்த் தோன்றிய பொருள் குதிகாலுக்கும் அவ்வாறே தோன்றும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை என்பது விளங்கும். விரலுக்கு மிக இதமாக இருந்த சோல் என்னும் அந்த அடிப்பாகமே, உடற்பாரம் முழுவதும் ஏறியவுடன், தன்னுள் இருக்கும் காற்றறைகளெல்லாம் நசுங்கி, மேற்கொண்டு அமிழ இடமின்றி, தரையைப்போலவே கடினமாகிவிடுவது உண்டு.

மனிதன் தரையை எவ்வளவு விசையுடன் மிதிக்கிறானோ அவ்வளவு விசையுடன் தரையும் அவனைத் திருப்பி உந்துகிறது என்ற நியூட்டனின் விதிக்கு எந்தச் செருப்பும் விலக்கன்று. ஆதலின் சோலை வடிவமைக்கும் நிபுணர் அந்த விசையை இல்லாமற்செய்துவிட முடியாது. அவர் செய்யக்கூடியதெல்லாம் அதைச் சற்று அதிகமான இடத்தில் பரப்புவதும், சற்று அதிகமான நேரத்துக்கு நீட்டுவதும், அது எலும்பின் எந்தப் பக்கமாக ஏற வேண்டுமென்று வழி காட்டுவதுமேயாம். மேட்டிலிருந்து மணற்குவியலில் குதிப்பவனும் கருங்கல் தளத்தில் குதிப்பவனும் ஒரே வேகத்துடன்தான் வந்து சேருகிறார்கள்; மணல் அந்த வேகத்தைப் பையப்பைய அடக்குகிறது, கல் ஒரு கணத்தில் அடக்கிவிடுகிறது, வித்தியாசம் அவ்வளவே. ஆனால் அதே மணலின்மேல் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் அவன் தடுமாறுவான் என்பதையும் மறக்கலாகாது. தாங்கும் குணமும் நிலைநிறுத்தும் குணமும் ஒன்றுக்கொன்று விரோதமானவை. ஒன்றைக் கொஞ்சம் கூட்டினால் மற்றொன்று கொஞ்சம் குறைகிறது. சோல் சாஸ்திரம் முழுவதும் இந்த வழக்கில் நியாயமான தீர்ப்பு ஒன்றைத் தேடும் முயற்சியே என்று சொல்லிவிடலாம்.

இந்த வழக்கை இயற்கை எவ்வாறு தீர்த்திருக்கிறது என்பதை அறிய, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் பாதத்தைக் கவனிக்க வேண்டும். 26 எலும்புகளும் 30-க்கு மேற்பட்ட மூட்டுகளும், அவற்றைப் பிணைக்கும் எண்ணற்ற நார்களும் சேர்ந்த இந்த உறுப்பு, ஓரடி எடுத்து வைக்கும் ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்துக்குள் இரண்டு வெவ்வேறு சுபாவங்களை மேற்கொள்கிறது. குதிகால் தரையைத் தொட்டவுடன் பாதம் சிறிது உட்புறமாகச் சாய்ந்து, மூட்டுகள் தளர்ந்து, மேடுபள்ளங்களுக்கு ஏற்பத் தன்னை வளைத்துக்கொள்கிறது. பிறகு உடல் முன்னே சென்று விரல்கள் மடங்கத் தொடங்கியதும், அதுவே இறுகி, ஒரு நெம்புகோலாக மாறி உடலை முன்னோக்கி உந்துகிறது. இந்த மாறுதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஜே. எச். ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1954-இல் விளக்கினார். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஓடும் உறுதியான நார்ப்பட்டை ஒன்று உண்டு. விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது அப்பட்டை விரல்மூட்டைச் சுற்றி இழுக்கப்பட்டு, குதிகாலுக்கும் விரல்மூட்டுக்கும் இடையிலுள்ள தூரம் குறைவதால் பாதத்தின் வளைவு உயர்ந்து இறுகுகிறது. வாசகர் இதைத் தம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: நேராக நின்றுகொண்டு, மற்றொருவரைக் கொண்டு கால் பெருவிரலை மெல்ல மேலே தூக்கச் சொன்னால், உள்ளங்கால் வளைவு தானாகவே எழும்புவதைக் கண்ணாலேயே காணலாம்.

வளைவு வெறும் வில்வடிவான தூண் அன்று என்பதையும் பின்னர் வந்தவர்கள் அளந்து காட்டினர். லீட்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த கெர், அலெக்சாண்டர் முதலியோர், சிகிச்சையின்பொருட்டு அகற்றப்பட்ட பாதங்களை யந்திரத்தில் வைத்து அழுத்தி 1987-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓடுகிற ஒருவன் ஒவ்வோரடியிலும் இழந்து திரும்பப் பெறும் சக்தியில் ஏறக்குறைய 17 சதவிகிதத்தைப் பாதத்தின் வளைவும், 35 சதவிகிதத்தைக் கெண்டைக்கால் தசையைக் குதிகாலுடன் பிணைக்கும் நாணும் சேமித்துவைத்துத் திருப்பித் தருகின்றன. இவற்றோடு குதிகாலின் அடியில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள கொழுப்புத் திண்டு ஒன்று அமைந்திருக்கிறது. அந்தக் கொழுப்பு நார்களாலான சிறுசிறு அறைகளுக்குள் அடைபட்டிருப்பதால், பாரம் ஏறும்போது பக்கவாட்டில் பிதுங்கி ஓடாமல், நசுங்கி மீண்டும் எழும்புகிறது. நவீன ஆலைகளில் செய்யப்படும் நுரைச் சோல்களின் தத்துவமும் மூடிய அறைகளுக்குள் காற்றை அடைத்துவைப்பதுதான். வயது ஏற ஏற இத்திண்டு தன் மீள்திறனை இழக்கிறது. முதியோர் பலர் வெறுந்தரையில் நடக்கக் கூசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாதத்தில் இவ்வளவு ஏற்பாடுகள் இருக்கும்போது சோல் எதற்கு என்று கேட்கலாம். வழுவழுப்பான சிமெண்டுத் தரையும், முள்ளும் கண்ணாடித்துண்டும், வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையும் ஒரு பதில். மற்றொரு பதில், எல்லாருடைய பாதத்திலும் எல்லா ஏற்பாடுகளும் எப்போதும் வேலைசெய்துகொண்டிருப்பதில்லை என்பது. அந்த ஏற்பாடுகளில் ஒன்று குறைந்துபோனால் என்ன நேரும் என்பதை ஆராய்ந்தறிந்த இடங்களுள் தலையாயது, நம்முடைய வேலூர். சோலைப் பற்றி எழுதப்பட்ட விளம்பரங்கள் அனைத்தையும் படிப்பதைக் காட்டிலும், அங்கே நடந்ததை ஒருமுறை அறிந்துகொள்வது மேல் என்பது என் அபிப்பிராயம்.

பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1914-இல் கொல்லிமலையில் ஒரு மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர். லண்டனில் வைத்தியம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு ராபர்ட் காக்ரேன் என்பவர் அவரை அழைத்துச்சென்று காட்டியபோது, மடங்கி முடங்கிய கைகளை ஓர் எலும்புச் சிகிச்சை நிபுணர்கூட அதுவரை ஆராய்ந்ததில்லை என்ற செய்தி அவரை உறுத்தியது. கைகளைச் சீர்செய்யும் வேலையில் இறங்கியவர், விரைவிலேயே பாதங்களின்பால் திரும்ப நேர்ந்தது. ஏனெனில் கை நேராகி வீடு திரும்பியவர்கள் காலில் புண்ணுடன் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தார்கள். நோய் சதையைத் தின்கிறது, அதனால்தான் புண் ஆறுவதில்லை என்பது அக்காலத்துப் பொது நம்பிக்கை. பிராண்டும் அவருடைய சகாக்களும் ஒவ்வொரு புண்ணையும் அதன் உற்பத்தியையும் பொறுமையுடன் விசாரித்துச் சென்றபோது, சதையில் குற்றம் ஏதும் இல்லை, உணர்ச்சி நரம்புகள் செத்துப்போனதால் அந்தப் பாதம் தனக்கு நேரும் தீங்கை அறியாமலே இருக்கிறது, அதுவே நோயாளியைக் கெடுக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். சதையும் தோலும் தக்க பாதுகாப்புப் பெற்றால் பிறருடையதைப்போலவே ஆறின.

தீங்கு என்றவுடன் ஆணியையும் நெருப்பையும் நினைப்போம். அவையும் உண்டுதான். ஆனால் பெரும்பாலான புண்கள் பெருவிரலின் அடிமூட்டிலும் அதை அடுத்த எலும்புமுனைகளின் கீழும் தோன்றின. அங்கே ஆணி ஏறிய சுவடு எதுவும் இல்லை. சாதாரணமான நடையே புண்ணை உண்டாக்கியது. குதிகால் எழும்பி உடல் முன்னே சாயும் கணத்தில் பாரம் முழுவதும் அந்தச் சிறிய எலும்புமுனைகளின்மேல் குவிகிறது. தோலோ சிறிது முன்னும் பின்னும் உராய்கிறது. ஒருமுறை நேர்ந்தால் இதனால் எந்தச் சேதமும் இல்லை. ஓராயிரம் முறை அதே இடத்தில் நேர்ந்தால் திசு வீங்குகிறது, வீங்கிய திசு மேலும் எளிதில் நசுங்குகிறது, கடைசியில் உள்ளே சிதைந்து வெளியே திறந்துகொள்கிறது. உணர்ச்சியுள்ள மனிதன் இதே தூரத்தை நடந்தும் புண்படாமலிருப்பது எதனால்? அவன் தன்னை அறியாமலே நடையை மாற்றிக்கொண்டிருக்கிறான். ஓரிடம் கூசத் தொடங்கியதும் பாதத்தின் வேறோர் ஓரத்தை அழுத்துகிறான், அடியைக் குறுக்குகிறான், சற்றே நொண்டுகிறான். தொழுநோயாளியின் நடையோ முதல் மைலிலும் ஐந்தாம் மைலிலும் ஒன்றாகவே இருந்தது. 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாகாணத்துக் கார்வில் ஆஸ்பத்திரிக்குச் சென்ற பிறகு, பிராண்ட் இதை எலிகளின் பாதத்தில் யந்திரம் கொண்டு சோதித்து, மிதமான அழுத்தமே ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நேர்ந்தால் சில நாட்களில் திசு அழிந்துபோவதை நிரூபித்தார்.

நோய் இன்னதென்று தெரிந்த பின், மருந்து செருப்புத் தைப்பவரின் பட்டறையில்தான் கிடைக்க வேண்டியிருந்தது. வேலூரிலும், அதன் அருகே காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955-இல் நிறுவப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும், பல பொருள்களைப் பரிசோதித்துக் கடைசியில் நுண்ணறை ரப்பர் என்னும் பொருளுக்கு வந்தார்கள். இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று மருந்துக்கடைக்காரர்கூடச் சொல்லும் செருப்பின் உள்ளடி அதுதான். ரப்பரின் கடினத்தை அளக்க ஷோர் என்பவரின் பெயரால் வழங்கும் ஓர் அளவை உண்டு. சிறு ஊசி ஒன்றை ரப்பரில் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைக் காட்டுவது அதன் முறை. அந்த அளவையில் ஏறக்குறைய 15 பாகை கடினமுள்ள ரப்பரே பாதத்துக்கு ஏற்றது என்று தீர்மானிக்கப்பட்டது. அதைவிட மென்மையானால் எலும்புமுனை அடிவரை இறங்கித் தரையைத் தொட்டுவிடும். அதைவிடக் கடினமானால் முனை இறங்கவே இறங்காது. சரியான கடினத்தில், எலும்புமுனை சிறிது அமிழ, அதுவரை தரையைத் தொடாதிருந்த உள்ளங்கால் வளைவும் ரப்பரின்மேல் படிந்து பாரத்தில் தன் பங்கை ஏற்றுக்கொள்கிறது. பாரம் குறையவில்லை, பாரத்தைச் சுமக்கும் பரப்பு அதிகமாயிற்று.

அந்த மென்மையான ரப்பரை மட்டும் கட்டிக்கொண்டு நடந்தால் முள் அதை எளிதில் துளைத்துவிடும். ஆகவே அதன் கீழே கடினமான ரப்பரடி ஒன்று ஒட்டப்பட்டது. ஒட்டப்பட்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்தச் செருப்பில் ஆணியே கூடாது என்பது கண்டிப்பான விதி. தேய்ந்த சோலின் வழியே தலைகாட்டும் ஆணி நமக்கு ஓர் எரிச்சல். உணர்ச்சியற்ற பாதத்துக்கு அதுவே எலும்புவரை செல்லும் புண். வார்கள் பாதத்தின் அளவுக்கேற்ப இறுக்கவும் தளர்த்தவும் கூடியனவாகவும், குதிகாலின் பின்னே ஒரு வார் உள்ளனவாகவும் அமைந்தன. காலிலிருந்து நழுவும் செருப்பை நாம் விரல்களால் பற்றிக்கொண்டு நடக்கிறோம். உணர்ச்சியும் தசைவலுவும் இழந்த விரல்கள் அவ்வாறு பற்றுவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

மென்மை மட்டும் போதாத பாதங்களும் இருந்தன. முன்பே புண்பட்டு ஆறி, தழும்பேறிய முன்பாதத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் சோலை வடிவமைப்பவர்களின் சிந்தனையில் மிகவும் ரசிக்கத்தக்க ஒரு திருப்பம் காணப்படுகிறது. முன்பாதம் அழுத்தப்படுவது அது மடங்கும்போது என்றால், மடங்கவே விடாமல் செய்துவிட்டால் என்ன? ஆகவே சோலை வளையாத விறைப்புடன் செய்து, விரல்மூட்டுகளுக்குச் சற்றுப் பின்னால் அதன் அடியில் ஒரு குறுக்குமேட்டை வைத்தார்கள். நடப்பவர் அந்த மேட்டின்மேல் முன்னோக்கி உருண்டு செல்கிறார். குதிகால் எழுகிறது, ஆனால் விரல்மூட்டு மடங்குவதில்லை. மென்மையாலன்றி விறைப்பினாலே பாதத்தைக் காப்பாற்றிய இந்த உருளடி, கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் நம்முடைய கடைப்பரீட்சையில் நிச்சயம் தோற்றுப்போயிருக்கும்.

ஸ்திரத்தைப் பற்றி மேலே ஒரு வாக்கியத்தில் சொன்னதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உயரமான சோலின்மேல் நிற்பவரின் கணுக்கால் தரையிலிருந்து அந்த அளவு உயர்ந்துவிடுகிறது. பாதத்தின் வெளியோரம் ஒரு கல்லில் பட்டுச் சரியும்போது, சரிக்கும் விசைக்குக் கிடைக்கும் நெம்பு அந்த அளவு நீளுகிறது. அடியில் உள்ள பொருள் மிகவும் மென்மையானால் ஓரம் சட்டென்று நசுங்கி, சரிவு இன்னும் விரைவாகிறது. இவ்வளவும் வெளிப்படை. இதற்குப் பரிகாரமாகச் சோலின் அடிப்பரப்பை மேற்பரப்பைவிட அகலமாகப் பரப்பிவிடலாம் என்று தோன்றும்; 1970-களின் இறுதியில் ஓட்டக் காலணிகளில் குதிப்பாகம் பக்கவாட்டில் விரிந்திருப்பது ஒரு நாகரிகமாகவே இருந்தது. ஆனால் கானடாவிலுள்ள கால்கரி சர்வகலாசாலையின் பென்னோ நிக் இதை அளந்து பார்த்தபோது, வெளிப்புறமாக விரிந்த அந்த ஓரமே முதலில் தரையைத் தொட்டு, பாதத்தை உட்புறமாக முன்னிலும் வேகத்துடன் தள்ளுவது தெரியவந்தது. ஸ்திரத்துக்காகச் சேர்த்த அகலமே தடுமாற்றத்துக்குக் காரணமாயிற்று. அதனால்தான் இன்று பல காலணிகளின் குதிப்பின்புற வெளியோரத்தைச் சற்றுச் சீவினாற்போல் வளைத்துவிடுகிறார்கள்.

உட்புறமாகச் சாய்வதைத் தடுக்கச் சோலின் உட்பக்கத்தில் மட்டும் கடினமான நுரையை வைப்பதும் ஒரு முறை. அப்பகுதியைச் சாம்பல் நிறத்தில் வேறுபடுத்திக் காட்டிய ஜோடிகள் கடைகளில் வெகுகாலம் விற்பனையாயின. பாதத்தின் வளைவைப் பார்த்து, தட்டையான பாதத்துக்கு இன்ன காலணி, உயர்ந்த வளைவுக்கு இன்ன காலணி என்று மருத்துவச்சீட்டு எழுதுவதுபோல் எழுதிக்கொடுக்கும் வழக்கமும் பரவியது. அமெரிக்க ராணுவத்தின் மூன்று பிரிவுகளில், பயிற்சிக்கு வந்த பல ஆயிரம் பேரை வைத்து இந்த வழக்கத்தைச் சோதித்தார்கள். வளைவுக்கேற்பக் காலணி பெற்றவர்களுக்கும், வளைவைக் கவனிக்காமல் எல்லாருக்கும் பொதுவான ஒரே வகையைப் பெற்றவர்களுக்கும் காயங்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை என்று 2009-ஐ ஒட்டி வெளிவந்த அறிக்கைகள் கூறின. இத்தனை காலம் நம்பிக்கையுடன் எழுதிய சீட்டுகளுக்கு அடிப்படை மெலிந்தது என்பதை வியாபாரிகள் விரும்பி ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

முதியோர் விஷயத்தில் மென்மைக்கு எதிரான சாட்சியம் இன்னும் வலுவானது. மாண்ட்ரியால் நகரத்து ஸ்டீவன் ராபின்ஸ் 1990-களில் செய்த சோதனைகளில், கனமும் மென்மையும் மிகுந்த அடியுள்ள காலணிகளை அணிந்தவர்கள், குறுகிய உத்தரத்தின்மேல் நடக்கையில், மெல்லிய கடினமான அடியுள்ளவற்றை அணிந்தபோது இருந்ததைவிட அதிகமாகத் தடுமாறினார்கள். உள்ளங்காலின் தோல் தரையை ஓயாமல் தடவிப் பார்த்து மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது; நடுவிலுள்ள மெத்தை அந்தச் செய்தியை மழுக்கிவிடுகிறது. தள்ளாத தந்தைக்கு மிகவும் மெத்தென்ற செருப்பாகத் தேடி வாங்கும் மகனின் அன்பைக் குறைகூறலாகாது. ஆனால் விழுந்து இடுப்பெலும்பு முறியும் அபாயமுள்ள வயதில், மிதமான கனமும் பின்வாரும் வழுக்காத அடியும் உள்ளதைத் தேடுவது புத்திசாலித்தனம்.

இனிச் சோலின் மூலப்பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். ஓட்டக் காலணிகளின் நடு அடுக்கில் 1970-களின் நடுப்பகுதியிலிருந்து இடம்பிடித்தது ஈ.வி.ஏ. என்ற நுரை, லேசானது, எந்த வடிவிலும் வார்க்கத்தக்கது, விலை மலிவு. ஆயினும் ஓட்டத்தின் அழுத்தத்தில் அதன் காற்றறைகளின் சுவர்கள் சிறிது சிறிதாகச் சிதைந்து, சில நூறு கிலோமீட்டர்களுக்குள் தாங்கும் திறனில் கணிசமான பகுதி போய்விடுகிறது. மேல்பாகம் புதிதுபோலவே இருப்பதால் அணிகிறவருக்கு இது தெரிவதில்லை. பாலியுரேத்தேன் என்னும் பி.யு. சற்றுக் கனமானது, உழைப்பு அதிகம். ஆனால் அதில் ஒரு வகைக்கு ஈரமான காற்று விரோதி. விசேஷ நாட்களுக்கென்று பெட்டியில் பூட்டிப் பரணில் வைத்த காலணியைச் சில வருஷங்களுக்குப் பிறகு எடுத்து அணிந்து வாசலைத் தாண்டியதும், சோல் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும் அதிசயம் நம்மூரில் பலரும் கண்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ணுவது பெரும்பாலும் தவறு. நீராவி அந்தப் பொருளின் அணுக்கோவைகளை அறுத்துவிடுகிறது.

மூன்றாவதாக வந்த பீபா என்ற நுரைதான் நெடுந்தூர ஓட்டத்தின் சரித்திரத்தையே மாற்றிவைத்தது. அழுத்தத்தில் வாங்கும் சக்தியில் பழைய ஈ.வி.ஏ. ஏறக்குறைய 65 சதவிகிதத்தைத் திருப்பித் தர, இது 87 சதவிகிதம்வரை திருப்பித் தருவதாகக் கொலராடோ சர்வகலாசாலையின் சோதனைச்சாலையில் அளந்தார்கள். 2017-இல் நைக்கி நிறுவனம் இந்த நுரையைத் தடிமனாக வைத்து, அதனுள் வளைந்த கரியிழைத் தகடு ஒன்றைப் பொதிந்து வெளியிட்ட காலணியை அணிந்து ஓடியவர்களுக்கு, அதே வேகத்துக்குச் செலவாகும் சக்தி சராசரி 4 சதவிகிதம் குறைந்தது. 2019 அக்டோபர் 12-ஆம் தேதி வியன்னாவில் கென்யாவின் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிஷம் 40 விநாடியில் ஓடிமுடித்தபோது அவர் காலில் இருந்ததும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. மறுவருஷமே உலக தடகளச் சங்கம் தலையிட்டு, சாலை ஓட்டத்தில் சோலின் கனம் 40 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது, ஒரு தகட்டுக்கு மேல் கூடாது என்று விதி செய்தது. தகட்டின் பெருமையை எல்லாரும் பேசினார்கள்; ஆனால் பின்னர் அந்தத் தகட்டை அறுத்துவிட்டு ஓடச்செய்து பார்த்தபோது சக்திச் செலவில் வித்தியாசம் அதிகம் காணப்படவில்லை, புண்ணியம் பெரும்பாலும் நுரையையே சேர்ந்தது. இந்தக் காலணிகளின் முன்பாகம் தரையிலிருந்து மேல்நோக்கி வளைந்து, விறைப்பான அடியின்மேல் பாதம் உருண்டு செல்லுமாறு அமைந்திருக்கிறது. புண்பட்ட பாதங்களுக்காக வேலூரில் வைத்த உருளடியின் தத்துவமும் இதுவே என்பதை அறிந்தவர்கள் இதைக் கண்டு வியக்காமலிருக்க முடியாது. ஒன்று நடந்தாலே புண்படுகிறவருக்காக, மற்றொன்று உலகிலேயே வேகமாக ஓடுகிறவருக்காக.

இவ்வளவையும் துறந்துவிட்டு வெறுங்காலே போதும் என்போரும் உண்டு. 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலுடன் மாரத்தான் ஓடி வென்றதை அவர்கள் மேற்கோள் காட்டுவார்கள். அதே வீரர் 1964-இல் டோக்கியோவில் காலணி அணிந்து, முன்னிலும் விரைவாக ஓடி மறுபடியும் வென்றதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஆயினும் அவர்கள் கட்சியிலும் உண்மை உண்டு. ஹார்வர்டு சர்வகலாசாலையின் டேனியல் லீபர்மன் குழுவினர் 2010-இல் காட்டியபடி, வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தை ஊன்றி இறங்குவதால், தரை அவர்களைச் சட்டென்று தாக்குவதில்லை. மேலும், கால் ஒரு ஜடப்பொருள் அன்று. மிருதுவான தரையில் ஓடும்போது முழங்காலை விறைத்துக்கொண்டும், கடினமான தரையில் தளர்த்திக்கொண்டும் அது தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. மிகவும் மெத்தென்ற காலணியில் வேகமாக ஓடியவர்களின் காலில் தாக்கம் குறைவதற்குப் பதில் கூடியதாகக் கண்ட ஆராய்ச்சியும் உண்டு. அப்படியானால் மென்மையால் பயனே இல்லையா என்றால், அதுவும் சரியன்று. லக்சம்பர்க்கில் 800-க்கு மேற்பட்டவர்களுக்கு, வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாத இருவகைக் காலணிகளைக் கொடுத்து ஆறு மாதம் கவனித்தபோது, கடினமான அடி பெற்றவர்களே அதிகம் காயமுற்றார்கள். ஒரே கேள்விக்கு இருவிதப் பதில் வருவதன் காரணம், கேள்வியில் மனிதனை விட்டுவிட்டுச் சோலை மட்டும் கேட்பதுதான் என்று தோன்றுகிறது. முன்சொன்ன நிக், பல வருஷங்கள் அளந்து பார்த்த பிறகு, அணிகிறவருக்குச் சௌகரியமாக இருப்பதே நம்பத்தக்க அளவுகோல் என்ற எளிய கருத்துக்கு வந்து சேர்ந்தார். ராணுவ வீரர்களுக்குப் பலவித உள்ளடிகளைக் கொடுத்து, தத்தமக்கு இதமானதைத் தேர்ந்துகொள்ளச் செய்தபோது காயங்கள் குறைந்ததை அவருடைய குழுவே கண்டிருந்தது. ஆனால் இதம் என்ற இந்த அளவுகோல், உணர்ச்சியுள்ள பாதத்துக்கு மட்டுமே உதவும்.

சோலைப் பற்றிப் பேசும்போது அதன்மேல் காலணியை உருவாக்கும் அச்சுக்கட்டையை மறந்துவிடுவது வழக்கம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உள்ள ஆலைகளில், மேல்தோலை இழுத்துப் பொருத்துவது அந்தக் கட்டையின்மேல்தான். கட்டை குறுகலாயிருந்தால் எத்தகைய உயர்ந்த நுரையும் பாதத்தைக் காப்பாற்றாது. ஓரத்தில் பிதுங்கும் பாதம் சோலின் நடுவே நிற்பதில்லை. அந்நிய தேசத்து அளவுகளையே வெகுகாலம் பின்பற்றிவந்த நமக்குச் சொந்தமான அளவு ஒன்று வேண்டும் என்று, சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், நாடெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து, நம்மவர் பாதம் பொதுவாக அகலமானது என்ற முடிவை வெளியிட்டிருக்கிறது.

எம்.சி.ஆர். செருப்பின் கதையில் எந்த அளவைக்கும் அகப்படாத ஒரு பகுதி மிஞ்சியிருக்கிறது. செருப்பு நன்றாகவே வேலைசெய்தது. ஆனால் அதை வாங்கிச்சென்றவர்களில் பலர் அணியவில்லை. கனத்த அடியும் பின்வாரும் உள்ள அந்த விநோத உருவத்தைக் கண்டவுடன், தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கு அணிந்திருப்பவரின் நோய் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்திலிருப்பவர் எழுந்து போகும்படி செய்யும் செருப்பைவிட, புண்ணே தேவலை என்று அவர்கள் முடிவுசெய்ததை அறிவீனம் என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே பட்டறைகளில் அதே ரப்பரைச் சாதாரணச் செருப்பின் உருவத்துக்குள் மறைத்துவைக்கும் வேலை தொடங்கியது. கடையில் விற்கும் செருப்பைப் போன்ற நிறமும் வாரும் வைத்துத் தைக்கலானார்கள். இப்போது நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் அதே ரப்பரை அணிகிறார்கள். அவர்களுக்கு வேண்டியதும் அதே பரப்பும் அதே பாதுகாப்பும்தான். மருந்துக்கடைகளிலும் ஆஸ்பத்திரி வாசல்களிலும் பல நிறங்களில் அடுக்கிவைத்திருக்கும் அந்த ஜோடிகளை, இது முதலில் யாருக்காகச் செய்யப்பட்டது என்ற எண்ணமே இல்லாமல், நிறம் பார்த்துப் பேரம்பேசி வாங்கிச்செல்கிறார்கள்.